நல்ல நாள், ஹெல்வி

எங்கள் ஊரில் ஒருவரைப் பார்த்தால் சொல்ல இரண்டு வார்த்தை உண்டு. தனியாக ஜெப வீடு வைத்துக் கூடுகிற விசுவாசிகள் தங்களுக்குள் "தேவ வாழ்த்து" என்பார்கள், பிரியும்போது "தேவ சமாதானம்" என்பார்கள். மற்றவர்களுக்கு வந்தாலும் போனாலும் "நல்ல நாள்". கடை வரிசையில் நின்றால், யார் உள்ளே யார் வெளியே என்று காதை வைத்தே சொல்லிவிடலாம். நான் தெற்கே தம்பேரேயில் பிறந்தவள். ஒரு பஸ் டிரைவரைக் கட்டிக்கொண்டு வட பின்லாந்தின் இந்தக் காட்டுக்கு வந்து சேர்ந்தேன். வந்த அன்றிலிருந்து எனக்கு "நல்ல நாள்"தான். அதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு மட்டும் கோயிலை எட்டிப் பார்க்கிறவளுக்கு அதுவே ஜாஸ்தி.

போன மாதம் ஹெல்வியை அடக்கம் செய்தோம். ஜெப வீட்டிலிருந்து வந்தவர்கள் அவளைப் பொறுமைசாலி என்றார்கள், கைராசிக்காரச் சமையல்காரி என்றார்கள். அவள் மகள் கெர்த்து குழியோரம் நின்று, "தேவ சமாதானம், அம்மா" என்று சொல்லி ஒரு பிடி மண் போட்டாள். சுற்றி நின்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கோ குழி வெட்டியவரின் மண்வெட்டியைப் பிடுங்கி வீசி எறியலாம் போல இருந்தது. பெட்டிக்குள் கிடப்பவளுக்கு அதைச் சொல்லி என்ன பிரயோஜனம்? என்னைப் பேசச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் என்ன பேசுவேன் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் இங்கே பேசுகிறேன்.

நாங்கள் இருவரும் பள்ளிக்கூடச் சமையலறையில் ஒன்றாக வேலை பார்த்தோம். அவள் அடுப்புப் பக்கம், நான் உருளைக்கிழங்குப் பக்கம். பெரிய எலும்புக்காரி, முழங்கை வரை சிவந்த கை. அவளுக்குப் பொய் வராது. சிலருக்குப் பாட்டு வராது, சிலருக்கு நீச்சல் வராது, அந்த மாதிரி. ஒரு நாள் பட்டாணி சூப்பில் உப்பு கூடிவிட்டது. நான் கொஞ்சம் பால் ஊற்றிச் சமாளிக்கலாம் என்றேன். அவள் கரண்டியோடு சாப்பாட்டுக் கூடத்துக்குள் போய், அத்தனை பிள்ளைகளுக்கும் தலைமையாசிரியருக்கும் முன்னால், "இன்னைக்கு உப்பு கூடிப்போச்சு. தப்பு என்னோடது. ரொட்டி நெறைய எடுத்துக்கோங்க" என்று அறிவித்துவிட்டு வந்தாள். எனக்கு மானம் போனது.

மனதைப் பற்றி அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. "நேத்து பானையைக் கழுவினோம்னு இன்னைக்குக் கழுவாம விடுறோமா? மனசும் அப்படித்தான்டீ ரைலி. தினம் அழுக்காகும். தினம் புதுசாக்கணும்" என்பாள். அவர்கள் வழியில் அதற்கு ஒரு முறை உண்டு. கெட்ட எண்ணம் வந்தால் இன்னொரு விசுவாசியிடம் போய் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, "நான் விசுவாசிக்கலாமா?" என்று கேட்க வேண்டும். எதிரில் இருப்பவர், "இயேசுவின் நாமத்திலும் இரத்தத்திலும் உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்று விசுவாசி" என்று சொல்ல வேண்டும். பாதிரியார் வேண்டாம், கோயில் வேண்டாம். மாட்டுக் கொட்டகையில் நின்றுகூடச் சொல்லலாம். ஒன்றே ஒன்று, அது இன்னொருவர் வாயிலிருந்து வர வேண்டும். தனக்குத்தானே சொல்லிக்கொண்டால் செல்லாது.

ஹெல்வி அப்படித்தான் செய்வாள். கொழுந்தன் பெண்டாட்டியின் புதுத் தையல் மிஷினைப் பார்த்துப் பொறாமைப்பட்டால்கூட ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, பள்ளிக்கூடக் காவல்காரரின் மனைவியை விறகுக் கொட்டகைக்குக் கூட்டிப் போய்விடுவாள். ஐந்து நிமிஷத்தில் திரும்பி வருவாள். முகம் துவைத்து உலர்த்திய துணி மாதிரி இருக்கும். நான் கிண்டல் பண்ணுவேனே ஒழிய, உள்ளுக்குள் எனக்கு அவள்மேல் பொறாமைதான். எனக்கு ஒரு கோபம் வந்தால் மூன்று வாரம் உள்ளே கிடந்து புளிக்கும்.

எட்டாவதாகக் கெர்த்து பிறந்த குளிர்காலத்தில்தான் அது நடந்தது. ஹெல்வியின் புருஷன் எமெலி மரம் வெட்டக் காட்டு முகாமுக்குப் போயிருந்தான். பெரிய பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். கிணறு உறைந்துவிட்டது. ஹெல்வி கைக்குழந்தையைச் சறுக்குவண்டியில் போர்த்திக் கிடத்தி, வாளியையும் வைத்து ஏரிக்கு இழுத்துப் போனாள். ஏரியில் பனிக்கட்டியை உடைத்து எல்லோரும் தண்ணீர் எடுக்கிற ஓட்டை ஒன்று இருந்தது. பிள்ளை பிறந்ததிலிருந்து அவள் ஒரு ராத்திரிகூடச் சேர்ந்தாற்போல் தூங்கியதில்லை. குழந்தை அலறிக்கொண்டிருந்தது. கறுப்புத் தண்ணீர் ஆவி பறக்கக் கிடந்தது. அப்போது அந்த எண்ணம் வந்தது. ஒரு தள்ளு தள்ளினால் போதும், சத்தம் நின்றுவிடும்.

அவள் தள்ளவில்லை. வாளியை அங்கேயே போட்டுவிட்டு, வண்டியை இழுத்துக்கொண்டு ஓடினாள். எங்கே ஓடினாள்? எங்கே ஓட வேண்டும் என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்களோ அங்கேதான். பக்கத்தில் இருந்த விசுவாசி வீடு யல்மாரியுடையது. எமெலிக்கு அண்ணன், ஜெப வீட்டில் பிரசங்கம் செய்கிறவர். அவர் வாசலில் பனியில் முழங்கால் போட்டு எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். "நான் விசுவாசிக்கலாமா?" என்று கேட்டாள்.

யல்மாரி அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

தையல் மிஷின் பொறாமைக்குச் சொன்னார்கள். தலைமையாசிரியரைத் திட்டியதற்குச் சொன்னார்கள். அவளுக்கு உயிர்போகிற மாதிரி வேண்டியிருந்த அன்றைக்கு அந்த மனுஷன் வாயைப் பூட்டிக்கொண்டார். "ஹெல்வி, இது சாதாரண எண்ணம் இல்ல. உனக்குள்ள ஒரு தப்பான ஆவி பூந்திருக்கு. இதை நான் ஒருத்தனாத் தீர்க்க முடியாது. கூட்டத்துல வெச்சுத்தான் பேசணும்" என்றார். அதுவரைக்கும் அவளைச் சகோதரி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், அன்றைக்கு வெறும் ஹெல்வி என்றார்.

அந்தக் காலத்தில் ஜெப வீட்டில் அப்படி ஒரு கூட்டம் நடக்கும். யார்மேலாவது சந்தேகம் வந்தால் முன்னால் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். நான் அங்கே இல்லை. ஹெல்வி சொன்னதும், காவல்காரர் மனைவி வெகுநாள் கழித்துச் சொன்னதும் ஒன்றுபோலவே இருந்தது. அதை அப்படியே சொல்கிறேன்.

"ஹெல்வி, உனக்குள்ள தப்பான ஆவி இருக்குன்னு ஒத்துக்கிறியா?" என்று யல்மாரி கேட்டார்.

"எண்ணம் வந்துச்சு. அதுக்கு மன்னிப்புக் கேக்கிறேன்."

"எண்ணத்தைக் கேக்கல. ஆவியைக் கேக்கிறோம்."

"ஆவி கீவி ஒண்ணும் எனக்குத் தெரியலீங்க. எனக்குத் தூக்கம் இல்ல. அந்த எண்ணம் என்னோடது. என்னோடதுன்னுதானே மன்னிப்புக் கேக்கிறேன்?"

அவ்வளவுதான் வழக்கு. ஆமாம், ஆவிதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அங்கேயே கட்டிப்பிடித்து அழுது, மன்னிப்பு வார்த்தை சொல்லி, காபியும் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். அவளுக்கு முன்னால் நின்றவர்களெல்லாம் அப்படித்தான் தப்பித்து வந்தார்கள். ரேடியோவில் பாட்டுக் கேட்டது ஒருவனுக்கு ஆவி, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை தைத்தது ஒருத்திக்கு ஆவி. எல்லோரும் ஆமாம் சொன்னார்கள், வீட்டுக்குப் போனார்கள். சூப்பில் உப்புக் கூடியதற்குக் கூடத்தின் நடுவில் நின்றவள் இவள். தெரியாததைத் தெரியும் என்று, அதுவும் கடவுள் பேரைச் சொல்லி, எப்படிச் சொல்வாள்? வாதம் பண்ணுகிறாள், திமிர் பிடித்திருக்கிறாள் என்று முடிவு கட்டி, அவள் பாவம் அவள்மேலேயே கட்டப்பட்டது, இனி யாரும் அவளுக்கு மன்னிப்பு வார்த்தை சொல்லக் கூடாது என்று தீர்த்துவிட்டார்கள்.

எமெலி அதற்குள் முகாமிலிருந்து வந்திருந்தான். பின் வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலையில் மாட்டுக் கொட்டகையிலிருந்து பால் வாளியோடு உள்ளே வந்தான். பெண்டாட்டியைப் பார்த்தான். "நல்ல நாள்" என்றான்.

கட்டின பெண்டாட்டிக்கு! ஒரே கட்டிலில் படுத்து எழுந்தவளுக்கு! அன்றிலிருந்து சாகும் வரை அவன் அவளுக்கு அதைத்தான் சொன்னான். நல்ல நாள் சொல்லிக்கொண்டே இன்னும் இரண்டு பிள்ளை. அதற்கு மட்டும் அந்த ஆவி குறுக்கே வரவில்லை போலிருக்கிறது.

அதற்குப் பிறகு விறகுக் கொட்டகைக்கு வர யாரும் இல்லை. காவல்காரர் மனைவி அவளைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போவாள். எண்ணமோ போகவில்லை. போகுமா? சொல்லி இறக்கி வைக்க இடமில்லாமல் போனதும் அது இன்னும் பெரிதாகிவிட்டது. கத்தியைப் பார்த்தால் வரும், கொதிக்கிற அண்டாவைப் பார்த்தால் வரும். கெர்த்துவைக் குளிப்பாட்டும்போது பாதியிலேயே மூத்தவளைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடுவாளாம். நான் நகரத்து டாக்டரிடம் கூட்டிப் போனேன். தூங்குவதற்கு மாத்திரை கொடுத்தார். தூங்கினாள். எழுந்தால் அது அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

ஒரு நாள் நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கிறேன். ஹெல்வி அடுப்பை அணைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள். முகம் சாம்பலாக இருந்தது.

"ரைலி, நீ சொல்லு."

"என்னத்தைடீ?"

"அந்த வார்த்தையை."

"உனக்குப் பைத்தியமா? எனக்கு விசுவாசமே கிடையாதே!"

"விசுவாசம் எனக்கு இருக்கு. எங்கிட்ட இல்லாதது இன்னொரு வாய். உனக்கு வாய் இருக்கில்ல? ஊர்ல எல்லாரையும் திட்டுற வாய்தானே, இதுக்கும் ஆகட்டும்."

"உங்க சட்டப்படி அது செல்லுமா?"

"தெரியல" என்றாள். அவளுக்குத்தான் பொய் வராதே. "செல்லுமோ செல்லாதோ, சொல்லு. நின்னுக்கிட்டு இருக்க முடியல என்னால."

நான் சொன்னேன். முதல் தடவை எல்லாவற்றையும் முன்பின்னாகப் போட்டுக் குழப்பினேன். இரத்தத்தை முதலில் சொல்லி நாமத்தை மறந்துவிட்டேன். அவள் கண்ணீரோடு நின்றுகொண்டே, "நாமம் முதல்ல, அப்புறம் இரத்தம்" என்று திருத்தினாள். மறுபடி சொன்னேன். கையில் பாதி உரித்த கிழங்கு. அவள் மூச்சை இழுத்துவிட்டு, "ஆமா, விசுவாசிக்கிறேன்" என்றாள். சாம்பல் போய் முகத்தில் ரத்தம் வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். அதற்கு என்னிடம் விளக்கம் கேட்காதீர்கள்.

அதற்குப் பிறகு அது எங்கள் வேலையில் ஒரு வேலையாகிவிட்டது. கஞ்சி அண்டாவுக்கும் ரொட்டித் தட்டுக்கும் நடுவில் வந்து நிற்பாள். சில வாரம் தினமும், சில சமயம் மாதத்துக்கு ஒரு முறை. நான் ஜன்னல் பக்கம் வரும் நீராவியைக் காட்டி, "இங்க பூராவும் ஆவிதான், இதுல எதுடீ தப்பான ஆவி, யல்மாரியைக் கூப்பிட்டுக் கேப்போமா?" என்பேன். சிரிப்பாள். சிரித்துவிட்டு, "சும்மா இரு, சொல்லு" என்பாள். சொல்வேன். ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அத்தனைக்கும் பிறகு சாயங்காலம் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது என்னிடம் "நல்ல நாள், ரைலி" என்றுதான் சொல்வாள். நான் விசுவாசி இல்லையே. இல்லாததை இருக்கிறது என்று அவள் எப்படிச் சொல்வாள்?

ஊரே கைவிட்டபோது அவளுக்கு "தேவ வாழ்த்து" சொல்ல மிஞ்சியது ஒரே ஒரு ஆள். கெர்த்து. மூத்த பிள்ளைகள் பெரியவர்களைப் பார்த்துப் பழகிக்கொண்டார்கள். இவள் சின்னது, யாரும் இவளிடம் சொல்லிவைக்கவில்லை. காலையில் எழுந்து வந்து தூக்கக் கலக்கத்தோடு, "தேவ வாழ்த்து, அம்மா" என்று மழலையில் சொல்லுமாம். அதை என்னிடம் சொல்லிவிட்டு ஹெல்வி, "யாரைத் தள்ளலாம்னு நெனச்சேனோ அதுதான்டீ என்னை உள்ள வெச்சிருக்கு" என்பாள்.

அந்தச் சந்தோஷமும் எத்தனை நாள்? யல்மாரியின் மனைவிக்குப் பொறுக்கவில்லை. கெர்த்து பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம், உன்னை உன் அம்மா ஏரியில் போடப் பார்த்தாள் என்று பிள்ளையிடமே சொல்லிவிட்டாள். மறுநாள் மத்தியானம் கெர்த்து தட்டை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிறாள். பின்னால் அத்தனை பிள்ளைகள்.

"அம்மா, நீ என்னை ஏரியில போட நெனச்சியாமே? நெசமா?"

நான் பின்னாலிருந்து ஹெல்வியின் ஏப்ரனைப் பிடித்து இழுத்தேன். இல்லைடா கண்ணு என்று சொல்லடி பாவி, ஒரே ஒரு பொய், வாழ்க்கையில் ஒரே ஒரு பொய்!

"ஆமா" என்றாள் ஹெல்வி. "ஒரு தடவை அந்த எண்ணம் வந்துச்சு. ஆனா போடல. உன்னைத் தூக்கிட்டு ஓடினேன்."

பிள்ளைக்கு முதல் வார்த்தைதான் காதில் விழுந்தது. தட்டை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். மறுநாள் காலையில் வீட்டில் அவள் சொன்னது, "நல்ல நாள், அம்மா." ஏழு வயசு.

கெர்த்து ஜெப வீட்டிலேயே வளர்ந்தாள், அங்கேயே கல்யாணம் கட்டினாள். கல்யாணத்தில் ஹெல்வி கதவோரம் உட்கார்ந்திருந்தாள். தன் பிள்ளைகளைக் கெர்த்து அம்மாவிடம் தனியாக விட்டதே இல்லை. எமெலியும் போய்ச் சேர்ந்தான். கடைசி மூச்சு வரை அவனைக் கழுவித் துடைத்தது ஹெல்விதான். அண்ணனைக் கூட்டி வரச் சொல்லி மன்னிப்பு வார்த்தை வாங்கிக்கொண்டான். பக்கத்தில் தலையணையைப் பிடித்துக்கொண்டு நின்றவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நாற்பது வருஷம் கழித்து ஜெப வீட்டில் மேலே இருக்கிறவர்களுக்கு ஞானம் பிறந்தது. அந்தக் காலத்துக் கூட்டங்களில் தவறுகள் நடந்துவிட்டன, யாரையாவது புண்படுத்தியிருந்தால் போய்ப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று கோடைக் கூட்டத்தில் அறிவித்தார்களாம். இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் ஹெல்வி வீட்டில் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது ஒரு கார் வந்து நின்றது. ஓட்டி வந்தவள் கெர்த்து. பக்கத்தில் கைத்தடியோடு யல்மாரி, கிழமாகி, பாதியாகி.

ஹெல்வி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பவும் போட்டுக்கொண்டாள். அவள் கிழவரைப் பார்க்கவில்லை. கெர்த்துவின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்கு என்று எனக்குத் தெரியும். இன்றைக்காவது அந்த "தேவ வாழ்த்து" வருமா என்று.

கெர்த்து உள்ளே வந்து பேசாமல் கதவுப் பக்கம் நின்றுகொண்டாள். யல்மாரி உட்கார்ந்தார்.

"சகோதரி" என்றார். நாற்பது வருஷத்துக்குப் பிறகு சகோதரி! "அந்தக் காலத்துல ஜெப வீட்டுக்குள்ள ஒரு தப்பான ஆவி பூந்துடுச்சு. அது எங்க எல்லாரையும் ஆட்டி வெச்சுடுச்சு. அதுல உனக்கு ஏதாச்சும் மனசு நொந்திருந்தா..."

"ஆவியா?" என்றாள் ஹெல்வி.

"ஆமா, தப்பான ஆவி."

"ஆவி இல்ல யல்மாரி. நான் உங்க வாசல்ல முழங்கால் போட்டேன். கைப்பிள்ளை வண்டியில கிடந்துச்சு. ஒரு வார்த்தை கேட்டேன். நீங்க சொல்லல. அப்ப உங்க மனசுல என்ன எண்ணம் ஓடிச்சு? அதைச் சொல்லுங்க. அதுக்கு மன்னிப்புக் கேளுங்க."

கிழவர் கைத்தடியின் முனையைப் பார்த்தார். "ரொம்ப வருஷம் ஆச்சு ஹெல்வி. ஞாபகம் இல்ல."

"எனக்கு இருக்கு" என்றாள்.

அடுப்பில் காபிப் பாத்திரம் முனகிக்கொண்டிருந்தது. கிழவர் கைத்தடியைக் கீழே வைத்தார். "நான் விசுவாசிக்கலாமா?" என்று கேட்டார்.

சொல்லாதே, சொல்லாதே என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேட்டுக் கிடைக்காமல் போவது என்னவென்று அந்தக் கிழமும் ஒரே ஒரு ராத்திரி தெரிந்துகொள்ளட்டுமே! ஹெல்வி எழுந்து போய் அவர் தோளில் கை வைத்தாள். "இயேசுவின் நாமத்திலும் இரத்தத்திலும் உங்க பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்று விசுவாசிங்க" என்றாள். ஒரு எழுத்து குறைக்கவில்லை.

யல்மாரி அழுதார். அழுது முடித்து இரண்டு கப் காபி குடித்தார். ஏலக்காய் பன் ஒன்றைத் தின்றுவிட்டு இன்னொன்று எடுத்தார். இந்த வருஷம் மழை ஜாஸ்தி என்றார். அவருக்குத் தீர்ந்துவிட்டது. எழுந்து, "தேவ சமாதானம், சகோதரி" என்று கை கொடுத்தார், உப்பு ஜாடியை எடுத்துக் கொடுக்கிற மாதிரி.

கெர்த்து அவருக்குக் கோட்டை மாட்டிவிட்டாள், தொப்பியை எடுத்துக் கொடுத்தாள். ஹெல்வி நகரவில்லை. கெர்த்து நிலைப்படியில் திரும்பினாள்.

"நல்ல நாள், அம்மா."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. முகம் சிவந்துபோனது. வாய்ப் பழக்கம். வார்த்தையை மாற்றிச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவள் நின்றாள். ஹெல்வி காத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கெர்த்து, "கதவைச் சாத்திக்கோங்க, குளிர் வருது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். கார் போய்விட்டது.

நான் எழுந்து கதவைச் சாத்தினேன். சாத்தினேனா, அறைந்தேனா, சுவரிலிருந்த காலண்டர் கீழே விழுந்தது. "நாசமாப் போக" என்றேன்.

"ரைலி" என்றாள் ஹெல்வி. மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சாம்பல் நிறம் முகத்தில் திரும்ப வந்திருந்தது. வேலையை விட்டு ஓய்வு பெற்ற பிறகு நான் அதைப் பார்த்ததே இல்லை. "ஒரு எண்ணம் வந்துடுச்சு."

"கிழவனை நெனச்சா? அதுக்கெல்லாம் மன்னிப்பே வேண்டாம், நானே அனுமதி தரேன்."

"இல்ல. அன்னைக்கு ஏரியில..." என்றாள். "தள்ளியிருக்கலாமோன்னு."

நான் கீழே கிடந்த காலண்டரை எடுத்து ஆணியில் மாட்டினேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் விசுவாசிக்கலாமா?"

சொன்னேன். நாமம் முதலில், அப்புறம் இரத்தம். அவள் கண்ணை மூடி, "ஆமா" என்றாள். முன்னெல்லாம் வருவது போல முகத்தில் ரத்தம் வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நான் இன்னொரு தடவை சொன்னேன். அதற்கும் "ஆமா" என்றாள். பிறகு இருவருமாகக் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தோம். கிழவர் கடித்து வைத்துவிட்டுப் போன பன்னை அவள் பறவைகளுக்குப் போட்டாள்.

இருட்டத் தொடங்கியதும் நான் கிளம்பினேன். வாசல் வரை வந்தாள். என் மப்ளரைக் கழுத்தோடு இழுத்துச் சரிசெய்துவிட்டாள்.

"நல்ல நாள், ரைலி" என்றாள்.